எந்தப் படகுக்காக இந்தப் பாட்டு?

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, 2007-ல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த ‘லைவ் எர்த்’ கச்சேரிக் கூட்டத்தில் நானும் நின்றேன் என்று எழுதியிருந்தேன். பூமி சூடாவதைப் பற்றி மக்களுக்குச் சொல்வதற்காக ஒரே நாளில் பல நாடுகளில் நடத்திய கச்சேரி அது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

பூமியைக் காப்பாற்றப் பாட்டுக் கச்சேரி என்றால் எனக்குப் புரியவில்லை. அங்கே என்னதான் நடந்தது? போய் வந்ததில் உங்களுக்குள் ஏதாவது மாறியதா?
*வாசகி, சேலம்*

2007 ஜூலை 7, சனிக்கிழமை. அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோரும் தயாரிப்பாளர் கெவின் வாலும் சேர்ந்து ஏற்பாடு செய்தது. சிட்னியில் தொடங்கி டோக்கியோ, ஷாங்காய், ஜோகன்னஸ்பர்க், ஹாம்பர்க், லண்டன், நியூ ஜெர்சி, கடைசியில் ரியோ என்று சூரியன் போகிற வழியிலேயே கச்சேரியும் போனது. ரியோவில் டிக்கெட் கிடையாது, கோபகபானா கடற்கரை மணலிலேயே லட்சக்கணக்கானவர்கள் நின்று கேட்டார்கள்.

நான் அப்போது வேலை நிமித்தமாக லண்டனில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வெம்ப்ளி நம்மவர்களுக்குப் புதிய இடம் இல்லை. பக்கத்து ஈலிங் ரோட்டில் புடவைக் கடை இருக்கிறது, சைவச் சாப்பாடு கிடைக்கும், கொஞ்சம் தள்ளி ஆல்பர்ட்டனில் ஈழத்தமிழர்கள் கட்டிய சிவன் கோயில். சித்தி மகளும் நானும் அங்கே சாப்பிட்டுவிட்டு நடந்தே அரங்குக்குப் போனோம். ஒரு வாரத்துக்கு முன்புதான் லண்டனில் வெடிகுண்டு வைத்த கார்களைக் கண்டுபிடித்திருந்தார்கள், மறுநாளே கிளாஸ்கோ விமான நிலையத்தில் தாக்குதல், போதாததற்கு அந்த ஜூலை 7 என்பதே 2005 லண்டன் குண்டுவெடிப்புகளின் நினைவு நாள். வரிசையில் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இருந்தாலும் கூட்டம் வந்தது, அதுவே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

ஜூன் முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகு அன்று நல்ல வெயில். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்மணி ஷெஃபீல்டிலிருந்து வந்திருந்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த ஊரில் வந்த வெள்ளத்தில் அவருடைய அம்மா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, தரை விரிப்பையெல்லாம் வெட்டித் தெருவில் போட்டிருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை, அயர்ச்சிதான். நான் போனது உண்மையைச் சொன்னால் மெட்டாலிகா என்ற ராக் குழுவைக் கேட்க. அவரோடு பேசிய பிறகுதான் எதற்காக இந்தக் கூட்டம் என்பது எனக்கு உறைத்தது. இன்னும் இரண்டே வாரத்தில், ஜூலை 20-ல், குளோஸ்டர்ஷயரில் இன்னொரு வெள்ளம் வந்து, குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே மூழ்கி, சுமார் 3,50,000 பேர் நாள்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். ஒரு வெள்ளத்தை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு இது புவி வெப்பத்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லக் கூடாது, ஆனால் சூடான காற்று கூடுதல் ஈரத்தைத் தூக்கும், தூக்கியதைக் கொட்டும், அந்தக் கணக்கில் சந்தேகம் இல்லை.

உள்ளே முதலில் டிரம்ஸ் கலைஞர்கள் கூட்டமாக வந்து அரங்கை அதிர வைத்தார்கள். அடுத்து ஜெனிசிஸ் என்ற ராக் குழு. அவர்களுக்கு அன்று இரவே மான்செஸ்டரில் சொந்தக் கச்சேரி இருந்ததால் முதலிலேயே வாசித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பாட்டுக்குப் பாட்டு நடுவே பெரிய திரையில் குறும்படங்கள் ஓடின. படம் ஓடும்போதுதான் பலரும் எழுந்து சாப்பிட எதையாவது வாங்கப் போனார்கள், இதைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருந்தது. கடைசியில் மடோனா. இந்த நிகழ்ச்சிக்கென்றே எழுதிய பாட்டைக் குழந்தைகளின் சேர்ந்திசையோடு பாடினார், அப்புறம் பூமியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் குதியுங்கள் என்றார். குதித்தோம். அத்தனை ஆயிரம் பேரும் ஒன்றாகக் குதித்த அந்த நிமிடத்தில் நெஞ்சு நிறைந்திருந்தது, அதை நான் எந்தக் காலத்திலும் மறுக்கமாட்டேன்.

ரயிலில் திரும்பும்போது சித்தி மகள் கேட்டாள்: “அண்ணா, நாளைக்கு நாம என்ன செய்யணும்னு சொன்னாங்க?” என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. 7 அம்ச உறுதிமொழி ஒன்று இருந்தது. இரண்டே வருடத்தில் உலக நாடுகள் எல்லாம் ஓர் ஒப்பந்தத்துக்கு வரவேண்டும், அதில் வளர்ந்த நாடுகள் பூமியைச் சூடாக்கும் மாசை 90 சதவீதம் குறைக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கோருவேன் என்பது அதில் ஒன்று. சரி, யாரிடம் கோருவது? எப்படி? அந்த இரண்டு வருடம் முடிந்து, 2009 டிசம்பரில் கோபன்ஹேகனில் நாடுகள் கூடி, யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத ஓர் ஆவணத்தோடு கலைந்தன. 1985-ல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக இதே மாதிரி பெரிய கச்சேரி நடத்திய பாப் கெல்டாஃப் முன்கூட்டியே இதைத்தான் சொன்னார். மேடையேறி, இன்ன நடவடிக்கைக்கு இன்னார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று அறிவிக்க முடிந்தால் மட்டுமே நான் இப்படி ஒன்றை நடத்துவேன் என்றார். அப்போது அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை.

ஏனென்றால் அதே லண்டனில் 2006 மே 1 அன்று, கேம்டன் பகுதியில் ஒரு நடுத்தர அரங்கில், ராக் பாடகர் தாம் யார்க் உள்ளிட்ட சிலர் ஒரு சின்னக் கச்சேரி செய்தார்கள். ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த்’ என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் இயக்கத்துக்காக. அங்கே கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள், மாசுக் குறைப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் வேண்டும் என்று கேளுங்கள். லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். 2008 நவம்பரில் அந்தச் சட்டம் வந்தது, 2050-க்குள் 80 சதவீதம் குறைக்க வேண்டும் என்று ஒரு நாடு தன்னைத்தானே சட்டத்தால் கட்டிக்கொண்டது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. கச்சேரியால் மட்டும் வந்த சட்டம் என்று சொல்லமாட்டேன், பல வருடம் பலர் உழைத்தார்கள். ஆனால் அந்தச் சின்ன அரங்கிலிருந்து வெளியே வந்தவருக்கு நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

இப்படித் திரட்டும் பணம் எங்கே போகிறது? நம்பிக் கொடுக்கலாமா?
*வாசகர், நாகர்கோவில்*

லைவ் எர்த் பணம் அல் கோர் தலைமையில் இருந்த பருவநிலைப் பாதுகாப்புக் கூட்டமைப்புக்குப் போனது, அதாவது மேலும் பிரசாரத்துக்கு. தப்பில்லை. ஆனால் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் வேறு.

1970-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு சின்னக் குழுவுக்கு ஒரு படகு தேவைப்பட்டது. அலாஸ்காவின் அம்சிட்கா தீவில் அமெரிக்கா நிலத்துக்கு அடியில் அணுகுண்டு சோதனை செய்துகொண்டிருந்தது, அடுத்த சோதனை நடக்கும்போது அந்தத் தீவுக்குப் பக்கத்தில் போய்ப் படகில் நிற்பது என்று இவர்கள் முடிவு செய்தார்கள். கையில் காசு இல்லை. அக்டோபர் 16 அன்று ஒரு கச்சேரி வைத்தார்கள். பாடகி ஜோனி மிட்செல் வந்தார், கூடவே பாடகர் ஜேம்ஸ் டெய்லரையும் அழைத்து வந்தார், ஃபில் ஓக்ஸ் பாடினார். டிக்கெட் 3 டாலர். சுமார் 17,000 டாலர் சேர்ந்தது. அதை வைத்து ‘ஃபிலிஸ் கார்மக்’ என்ற பழைய மீன்பிடிப் படகை வாடகைக்கு எடுத்து, பயணத்துக்கு மட்டும் அதற்கு ‘கிரீன்பீஸ்’ என்று பெயர் வைத்து, 1971 செப்டம்பர் 15 அன்று கிளம்பினார்கள். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த அமைப்பின் தொடக்கம் இதுதான்.

படகு தீவைத் தொடவே இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படை வழியில் மறித்துத் திருப்பி அனுப்பியது, நவம்பர் 6 அன்று குண்டும் வெடித்தது. அப்படியானால் தோல்விதானே? படகுக்கு ஏற்பட்ட கதையை ஊரெல்லாம் பேசியது, எதிர்ப்பு பெருகியது, அடுத்த பிப்ரவரியிலேயே அந்தத் தீவில் இனிச் சோதனை இல்லை என்று அமெரிக்கா அறிவித்தது. டிக்கெட் வாங்கிய ஒவ்வொருவரும், அந்தப் படகின் டீசலில் என் 3 டாலரும் இருக்கிறது என்று சொல்லலாம். அதனால் யார் என்னிடம் நிதிக் கச்சேரி என்று வந்தாலும் நான் முதலில் கேட்பது, எந்தப் படகு என்றுதான்.

மனசு நல்லதாக இருந்தும் கணக்கு சிக்கிக்கொண்டதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க்கில் சிதார் கலைஞர் ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய கச்சேரி. போரும் அதற்கு முந்தைய வருடம் வந்த பெரும்புயலும் சேர்ந்து விரட்டியடித்த மக்கள் அவர்கள். வாசலில் வசூலான சுமார் 2,43,000 டாலர் ஒழுங்காக யுனிசெஃப்புக்குப் போய்விட்டது. ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெரிய பணம், வரிவிலக்குக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாததால், அமெரிக்க வருமான வரித் தணிக்கையில் வருடக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. அகதிமுகாமில் இருந்தவருக்கு அது உதவ வேண்டிய நேரம் போயே போய்விட்டது. கொடுப்பதற்கு முன்னால், பணத்தை எந்த அமைப்பு வாங்குகிறது, அது பதிவுபெற்றதா, எப்போது செலவழிக்கும் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

அண்டார்டிகாவிலும் கச்சேரி நடந்ததாகப் படித்தேன். உண்மையா?
*மாணவர், திருவண்ணாமலை*

உண்மைதான் தம்பி. ஏழு கண்டமும் கணக்கில் வரவேண்டும் என்பதற்காக, ரொதெரா என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஐந்து பேர் நூனடாக் என்ற பெயரில் வாசித்தார்கள். எதிரே இருந்த ரசிகர்கள் 17 பேர், நிலையத்தில் இருந்த மற்றவர்கள் அவ்வளவுதான். யாரும் விமானம் ஏறவில்லை, வேறெங்கிருந்தும் யாரும் வரவில்லை, இருந்த இடத்திலேயே கிடார் எடுத்தார்கள். அடுத்த கேள்விக்கு இது நல்ல முன்னுரை.

என் மகன் ஜெர்மனியில் படிக்கிறான். சுற்றுச்சூழலுக்காக நடக்கும் ஒரு திறந்தவெளிக் கச்சேரிக்கு நண்பர்களோடு வேறு நாட்டுக்கு விமானத்தில் போகப்போகிறேன் என்கிறான். இதில் அர்த்தம் இருக்கிறதா?
*வாசகர், கோவை*

போகட்டும், ரயிலில் போகட்டும். கச்சேரி என்றாலே மேடை விளக்கும் ஒலிபெருக்கியும்தான் புகையைக் கக்குகின்றன என்று நினைக்கிறோம். கணக்குப் பார்த்தவர்கள் சொல்வது வேறு, பெரும்பங்கு ரசிகர்கள் வந்துபோகும் பயணத்தில்தான். பிரிட்டனின் மாசிவ் அட்டாக் இசைக்குழு இதைப் பற்றி மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டின்டால் மைய விஞ்ஞானிகளிடம் ஆய்வு செய்யச் சொல்லி, 2021-ல் வந்த அந்த அறிக்கையை வைத்து 2024 ஆகஸ்ட் 25 அன்று சொந்த ஊரான பிரிஸ்டலில் ஒரு பெரிய மைதானத்தில் கச்சேரி நடத்திக் காட்டினார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கே முதலில் டிக்கெட் விற்றார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தவிர வேறு யாருக்கும் கார் நிறுத்த இடம் இல்லை. ரயில் நிலையத்துக்கு மின்சாரப் பேருந்து, இரவு திரும்பிப் போகக் கூடுதல் ரயில்கள். மேடை முழுக்க பேட்டரியில் ஓடியது, ஒரு டீசல் ஜெனரேட்டர் கிடையாது. சாப்பாடு முழுக்கச் செடிகொடியிலிருந்து வந்தது, பால் பொருள்கூட இல்லை. மழை பெய்து மைதானம் சேறானது, கூட்டம் கலையவில்லை.

மேடையில் நின்று ஒரு வார்த்தை உபதேசிக்காமல் இருந்தாலும், அன்று அங்கே போனவருக்கு வீட்டிலிருந்து கிளம்பிய நிமிடத்திலிருந்தே சேதி போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. உங்கள் மகனிடம் சண்டை போடாதீர்கள், ஐரோப்பாவில் இரவு ரயில்கள் இருக்கின்றன, பாதிப் பயணத்தைத் தூங்கியே கடக்கலாம் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

லைவ் எர்த் மாதிரி இந்தியாவில் ஏன் நடக்கவில்லை?
*வாசகி, புதுச்சேரி*

நடக்க இருந்தது. 2008 டிசம்பர் 7 அன்று மும்பையில், அமிதாப் பச்சனும் அமெரிக்க ராக் பாடகர் ஜான் பான் ஜோவியும் கலந்துகொள்வதாக அறிவித்திருந்தார்கள். மின்சாரம் இல்லாத வீடுகளுக்குச் சூரிய விளக்கு கொடுக்கும் திட்டத்துக்கு நிதி போவதாக இருந்தது. பாருங்கள், அதில் ஒரு படகு இருந்தது, இந்தக் கிராமத்துக்கு இத்தனை விளக்கு என்று எண்ணிச் சொல்லிவிடலாம். நவம்பர் 26 அன்று மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது, கச்சேரியை ரத்து செய்தார்கள். அந்த வாரத்தில் வேறு எதுவும் செய்திருக்க முடியாது. மறுபடி ஒரு தேதி குறிக்காமலே போனதுதான் எனக்கு வருத்தம்.

கச்சேரி முடிந்த மைதானத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சுற்றுச்சூழல் கச்சேரியிலும் இதே குப்பைதானா?
*வாசகர், மதுரை*

நானும் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்த நிகழ்ச்சி என்று சொல்ல வேண்டாம். மரம் வளர்ப்பது பற்றிப் பேசி முடித்த இரவு, தரை தெரியாத அளவுக்குப் பிளாஸ்டிக் கப், அதை ஏழெட்டுப் பெண்கள் விடிய விடியப் பொறுக்கினார்கள், கையில் உறைகூட இல்லை. அன்று மேடையில் பேசிய அத்தனை பேர்மீதும் எனக்கு மதிப்புக் குறைந்துவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பாவில் பல இடங்களில் கெட்டியான கப்புக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, திருப்பிக் கொடுத்தால் காசைத் திருப்பித் தருகிறார்கள், தரையில் கிடக்கும் கப்பைச் சின்னப் பிள்ளைகள் ஓடி ஓடிச் சேர்க்கும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் 2019-ல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பனையையே நிறுத்தி, மைதானமெங்கும் குழாய் போட்டார்கள். அந்த வருடம் கடைசி நாளில் இயற்கை ஆவணப்படங்களுக்குப் பெயர்போன டேவிட் அட்டன்பரோ மேடைக்கு வந்து கூட்டத்துக்கு நன்றி சொன்னார், அப்போது அவருக்கு வயது 93. ரசிகன் என்ற முறையில் நாம் செய்யக்கூடியது, சொந்த பாட்டிலைக் கொண்டுபோவது, அனுமதி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்வது.

ஆறு வயதுப் பேத்தியைத் திறந்தவெளிக் கச்சேரிக்குக் கூட்டிப் போகலாமா? காதுக்கு ஆபத்து இல்லையா?
*வாசகி, ஸ்ரீரங்கம்*

கூட்டிப் போகலாம் அம்மா, ஆனால் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வேண்டாம். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது தொழிற்சாலைகளுக்குச் சொல்லும் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கச்சேரிகளுக்கென்றே ஒரு வரம்பு சொன்னது, சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, சத்தமில்லாமல் ஒதுங்கி உட்கார ஓர் இடமும் இருக்க வேண்டும் என்று. குழந்தைக்குப் பஞ்சு போதாது. தலைக்கு மேலாக மாட்டும் காதுக் கவசம் சின்ன அளவிலேயே கிடைக்கிறது, அதை மாட்டிவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு காதில் ‘ஙொய்’ என்று சத்தம் கேட்டால், அன்று காது தாங்கியது அதிகம் என்று அர்த்தம். உங்களுக்கும் ஒரு ஜோடி அடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

ராக் இசை எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு. நம் இசையில் இதைச் செய்ய முடியுமா?
*வாசகர், சென்னை*

உங்கள் ஊரிலேயே செய்தாயிற்று. 2017 பொங்கல் சமயத்தில் டி.எம்.கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய சென்னைத் தமிழ் வரிகளை ராகமாலிகையாக, எண்ணூர் கழிமுகத்திலேயே நின்று பாடிய காணொளி வந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அந்த இடத்தில், மூக்கில் முகமூடியோடு தொடங்குகிறது அது. புறம்போக்கு என்ற சொல்லை வசையாக்கிவிட்டோம், அது எல்லோருக்கும் பொதுவான நிலத்தின் பெயர் என்பதுதான் பாட்டின் சேதி. பூமி என்று பொதுவாகப் பாடவில்லை, எண்ணூர் என்று பெயர் சொல்லிப் பாடினார்கள். அதைக் கேட்ட பிறகுதான் நான் எண்ணூருக்கு முதல் தடவையாகப் போனேன்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்காக ஒரு கச்சேரி நடத்த நானும் தோழிகளும் ஆசைப்படுகிறோம். எப்படித் தொடங்குவது?
*மாணவி, புதுக்கோட்டை மாவட்டம்*

இந்தக் கடிதத்தைத்தான் நான் நாலு தடவை படித்தேன் கண்ணு.

முதலில் படகைத் தேர்ந்தெடுங்கள். ‘கண்மாயைக் காப்போம்’ என்பது போதாது. வரத்துக்கால் தூர்ந்துபோயிருக்கிறதா, மடை உடைந்திருக்கிறதா, உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறதா? ஊரில் வயதான விவசாயி ஒருவரைக் கூட்டிக்கொண்டு கரையைச் சுற்றி நடந்தால் அரை நாளில் தெரிந்துவிடும். அதில் ஒரே ஒரு வேலையை எடுத்து, செலவு எவ்வளவு என்று விசாரித்து, அந்தத் தொகையைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கண்மாயில் கைவைக்க அனுமதி வேண்டும், பொதுவாக ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குள் இருந்தால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. தலைமையாசிரியர் கையெழுத்தோடு மனு கொடுத்தால் உங்களை அலட்சியப்படுத்துவது கஷ்டம்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் வைக்கக் கூடாது, மருத்துவமனைக்கு 100 மீட்டருக்குள் கூடவே கூடாது. ஒலிபெருக்கியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பாதீர்கள், கொக்கும் நாரையும் அடையும் நேரம் அது, மாலை 4 மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துவிட்டால் இன்னும் நல்லது, விளக்குச் செலவும் மிச்சம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, ஃப்ளெக்ஸும் வேண்டாம், பழைய வேட்டியில் எழுதிக் கட்டுங்கள். பாட வெளியூரிலிருந்து யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, தப்பாட்டக் குழுவும் நடவுப் பாட்டுப் பாடும் பாட்டிகளும் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். பாட்டிகளுக்கு மேடையில் நாற்காலி போடுங்கள். மறுநாள் காலையில் வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பள்ளிக்கூட வாசல் கரும்பலகையில் எழுதிவைத்துவிடுங்கள்.

தேதி குறித்ததும் எழுது. புதுக்கோட்டை வரை ரயில், அங்கிருந்து டவுன் பஸ், தண்ணீர் பாட்டிலோடு வந்து சேருகிறேன். சித்தி மகளையும் கூட்டி வருகிறேன்.